மாமியார் மடியில் ரேடியோ, மகன் பையில் செல்போன்

போன இதழில் பிரிட்ஜ் கதவு ரப்பரைப் பற்றி எழுதப்போக, அதைவிட்டு வேறு எதையெதையோ கேட்டுச் சகோதரிகள் பலர் எழுதிவிட்டீர்கள். அதில் வாலாஜாபாத்துச் சகோதரி ஒருவரின் கடிதத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். "என் மாமனாருக்குப் பழைய சிற்றலை ரேடியோ மேல் உயிர். செல்போனிலேயே ஸ்டேஷன் மாற்றுகிற மாதிரி உள்ளங்கை அளவு ரேடியோ வந்திருக்கிறதாமே, வாங்கித் தரலாமா? கைக்குழந்தை இருக்கிற வீடு, அதனால் கேட்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் அருகதை உண்டு. அதே சாமானை நாங்களும் வாங்கினோம். வாங்கி, ஒருநாள் நன்றாகப் பாடமும் படித்தோம். அதையே சொல்கிறேன்.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். இப்போது வீட்டில் தறி ஓடவில்லை. ஆனால் என் மாமியார் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் கூடத்திலேயே தறிக்குழி. காஞ்சிப் பட்டில் கோர்வைக் கரை போடுவது ஒரு ஆளால் ஆகிற காரியம் இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் நூலோடு நூல் பின்னிக்கொள்ள வேண்டும். நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவைப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்பிள்ளைதான். என் மாமியார் இருபது வருஷத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்தவர். அவருக்கு நேரே சுவரில் ஒரு மாடம். அதில் விளக்குக்குப் பதிலாக ஒரு டிரான்சிஸ்டர். கையும் கண்ணும் நூலில் இருக்க, காது மட்டும் சும்மா இருக்கிறதல்லவா, அதற்குத்தான் ரேடியோ.

என்ன கேட்பார்கள் என்கிறீர்கள்? வேறென்ன, இலங்கை வானொலிதான். காலையில் 'பொங்கும் பூம்புனல்', அப்புறம் 'பாட்டுக்குப் பாட்டு', கே.எஸ். ராஜாவின் மூச்சு விடாத பேச்சு, ராஜேஸ்வரி சண்முகத்தின் குரல். இதெல்லாம் நம் ஊர் நிலையமே இல்லை என்ற நினைப்பே யாருக்கும் இருந்ததில்லை. கொழும்பு அலை நம் தெருவுக்கு வந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. 1952-ல் மத்திய மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர், ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்குக் கடிவாளம் போட்டார். பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட ஜனங்கள் குமிழைத் திருகி இலங்கைக்குப் போய்விட்டார்கள். 1957-ல் விவித் பாரதி வந்த பிறகும் எல்லாரும் திரும்பி வந்துவிடவில்லை. ரேடியோவுக்குப் போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலம் அது. அந்த லைசென்சை 1980-களில்தான் எடுத்தார்கள்.

அப்புறம் லண்டன். பி.பி.சி. தமிழோசை 1941-ல் தொடங்கி, 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு சிற்றலையில் நின்றுபோனது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அதைக் கேட்காமல் என் மாமனார் இலை முன் உட்கார மாட்டாராம். சீன வானொலியும் 1963-லிருந்து தமிழில் பேசியது. கலையரசி என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட சீனப் பெண்மணி சுத்தமான தமிழ் பேசுவதை, "நம்ம புள்ளைங்கள விட நல்லா பேசுது" என்று அத்தை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அத்தைக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிற நோய். சொட்டு மருந்து, ஆபரேஷன் எல்லாம் இருப்பதைக் காப்பாற்றிக் கொடுக்குமே தவிரப் போனதைத் திருப்பித் தராது. (நாற்பது வயது தாண்டிய சகோதரிகள், வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், வருஷத்துக்கு ஒரு முறை கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வலிக்காது என்பதால்தான் இது பொல்லாதது.) அத்தைக்கு நேர் எதிரே இருப்பது மங்கலாகத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. டி.வி.யைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பழைய டிரான்சிஸ்டரும் தொண்டை கட்டிக்கொண்டது. அதைப் பழுது பார்க்க ஆள் தேடி அலைந்ததைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

அதனால்தான் என் வீட்டுக்காரர் போன வருஷம் தம் அம்மாவுக்கு இந்தப் புது ரேடியோவை வாங்கி வந்தார்.

சாமானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. இழுத்து நீட்டுகிற ஏரியல், ஒரு சின்ன ஸ்பீக்கர், நாலைந்து பொத்தான்கள். திருகுகிற குமிழ் கிடையாது. மத்திய அலை, பண்பலை, சிற்றலை மூன்றும் வரும். செல்போனில் அதற்கென்று ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டால், புளூடூத் வழியாக ரேடியோவும் போனும் கைகோத்துக்கொள்ளும். போன் திரையில் கால்குலேட்டர் மாதிரி எண்கள் வரும். வேண்டிய அலைவரிசையைத் தட்டினால் ரேடியோ அங்கே போய் நிற்கும். சத்தம் கூட்டலாம், குறைக்கலாம், பிடித்த நிலையங்களைப் பெயர் போட்டுச் சேமிக்கலாம், இத்தனை மணிக்கு அணைந்துவிடு என்றும் சொல்லி வைக்கலாம்.

இங்கே ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது. "அப்படியென்றால் இது இன்டர்நெட் ரேடியோதானே? நெட் பேக் தீர்ந்தால் பாட்டு நின்றுவிடுமே?" நிற்காது. போன் இங்கே வெறும் ரிமோட்தான். டி.வி. ரிமோட்டுக்குள் படம் இருக்கிறதா என்ன? அலையைப் பிடிப்பது ரேடியோவின் ஏரியல். அதைப் பிரித்தெடுத்துக் கொடுப்பது உள்ளே இருக்கிற நகத்தளவு சில்லு. ஆப்பை இறக்குகிற அன்றைக்கு மட்டும் நெட் வேண்டும்.

வாங்கி வந்த முதல் வாரம் வீடே திருவிழாதான். அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் போனை எடுத்துத் தட்டுவார், அத்தை கேட்பார். "அம்மா, இது எந்த ஊர் சொல்லுங்க பார்ப்போம்?" "அரபிக்காரன் பாட்டு மாதிரி இருக்குதுடா." என் மகளுக்கு ஒரே குதூகலம். நானும், நல்ல சாமான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி கடைசியில் ஒருநாள். இரண்டு நாளாக விடாத மழை. அவர் காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். அன்றைக்கும் கடை உண்டு. நான் செங்கல்பட்டில் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மகளை அழைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் போய்விட்டேன். மத்தியானம் திரும்பிவிடலாம் என்ற கணக்கு. வழியில் ரோட்டில் தண்ணீர், பஸ் நகரவில்லை. இங்கே பத்து மணிக்கே கரண்ட் போயிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அத்தையின் பட்டன் போனிலும் சிக்னல் இல்லை. தெருவில் யாரோ, "பாலாத்துல தண்ணி வருதாம், ஏரி ஒடஞ்சிடுமாம்" என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள். உண்மையில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? பிள்ளை ஒரு பக்கம், மருமகளும் பேத்தியும் ஒரு பக்கம்.

செய்தி கேட்போம் என்று ரேடியோவை எடுத்திருக்கிறார். போட்டால் 'உஸ்' என்ற இரைச்சல்தான். முந்தின ராத்திரி அவர் ஏதோ சிற்றலை நிலையத்தைக் கேட்டுவிட்டு அப்படியே அணைத்திருக்கிறார். பகலில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பொத்தானை அமுக்கினால் ஐந்து கிலோஹெர்ட்ஸ் நகரும், இன்னொரு தரம் அமுக்கினால் இன்னொரு ஐந்து. இப்படியே ஊர்ந்து சென்னைக்கு எப்படிப் போய்ச் சேருவது? அலைவரிசை மாற்றுகிற பொத்தான் எது என்று நாங்கள் சொல்லித்தரவே இல்லை. நாங்கள்தான் எப்போதும் போனில் தட்டிக் கொடுத்தோமே! அந்தப் போன் அப்போது காந்தி ரோட்டில், அவர் பைக்குள் இருந்தது.

நான் வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். கூடத்தில் இருட்டு. அத்தை ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அது யாரோ புரியாத பாஷையில் பேசுவதைக் கரகரவென்று ஒலித்துக்கொண்டிருந்தது. பேத்தி குரல் கேட்டதும்தான் நிமிர்ந்தார்.

"வந்துட்டியாம்மா... அவன் எங்க?"

"கடையில இருக்காருங்க அத்தை. வழியில பார்த்துட்டுத்தான் வந்தேன். ஒண்ணும் பயமில்லை."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ரேடியோவை என் பக்கம் நகர்த்தினார். "அந்தக் காலத்துல கண்ண மூடிக்கிட்டு சிலோன் வைப்பேன். எத்தினி திருகு திருகினா எங்க வரும்னு இந்தக் கைக்குத் தெரியும். இது என் பேச்சக் கேக்க மாட்டேங்குதும்மா."

சகோதரிகளே, எனக்குச் சுருக்கென்றது. கண் போனவருக்கு உதவி என்று ஒரு சாமானை வாங்கி, அவர் கையில் மிச்சமிருந்த ஒரு வித்தையையும் நாங்கள் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். ரேடியோ அவருடையது, ஆனால் அதன் சாவி பிள்ளையின் பையில்!

மழை நாளில் கேட்கிற செய்தியைப் பற்றி இத்தனை பெரிதாகச் சொல்ல வேண்டுமா என்று நினைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலையும் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். செல்போன் கோபுரத்துக்கும் கரண்ட் வேண்டும். அது போனால் பேட்டரி, பேட்டரி தீர்ந்தால் டீசல், அதுவும் தீர்ந்தால் கையிலிருக்கிற இருபதாயிரம் ரூபாய் போன் வெறும் டார்ச் லைட். ரேடியோவுக்கு நம் தெருவில் எந்தக் கோபுரமும் வேண்டாம். எங்கோ தூரத்தில் ஒரு நிலையம் நின்று பேசினால் போதும்.

சிற்றலைக்கு இதில் தனி மகிமை. 2004 டிசம்பரில், அமெச்சூர் ரேடியோ நடத்துகிற ஒரு குழுவோடு பாரதி பிரசாத் என்ற பெண்மணி அந்தமான் போயிருந்தார். பொழுதுபோக்காக உலகத்து ரேடியோ நண்பர்களோடு பேசுவதற்காகத்தான் போனது. 26-ஆம் தேதி காலையில் சுனாமி. டெலிபோன் எல்லாம் அறுந்த நேரத்தில் போர்ட் பிளேரிலிருந்து அவர் சிற்றலையில் பேசித்தான் தீவுகளின் நிலைமையும், 'இன்னார் பிழைத்திருக்கிறார்' என்ற தகவல்களும் இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்தன. எத்தனை வீட்டில் அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்திருப்பார்கள்! அவரிடம் இருந்தது பேசவும் கேட்கவும் முடிகிற கருவி. நாம் வாங்குவது கேட்க மட்டும். ஆனாலும் அலை ஒன்றுதான்.

அந்த அலை எப்படி அவ்வளவு தூரம் வருகிறது என்று என் மகள் கேட்டாள். பண்பலை நேர்க்கோட்டில் போகிறது. அதனால் சென்னைப் பண்பலை எழுபது எண்பது கிலோமீட்டர் தாண்டி நம் ஊருக்கு வரும்போதே இளைத்துப்போகிறது. மத்திய அலை பூமியை ஒட்டி வருவதால் பகலிலும் நன்றாக எட்டும். சிற்றலை மேலே ஏறி, ஆகாயத்தில் மின் துகள்கள் நிறைந்த ஒரு படலத்தில் பட்டுத் திரும்பி, கடல் தாண்டி இறங்கும். அந்தப் படலம் வெயிலுக்கு ஒரு மாதிரி, ராத்திரிக்கு ஒரு மாதிரி. பகலில் 13, 15, 17 மெகாஹெர்ட்ஸ் பக்கமும், இருட்டிய பிறகு 6, 7, 9 பக்கமும் தேடினால் கிடைக்கும். பழைய ரேடியோவில் 49 மீட்டர், 41 மீட்டர், 31 மீட்டர் என்று போட்டிருக்குமே, அந்த ராத்திரிக் கூட்டம்தான் இது. முந்நூறை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வந்துவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுங்கள், போட்டுக் காட்டும்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்?

மறுநாள் ராத்திரி அவர், நான், அத்தை மூன்று பேரும் உட்கார்ந்தோம். முதல் வேலையாக, அத்தை என்னென்ன கேட்க ஆசைப்படுகிறார் என்று அவரையே கேட்டோம். வாங்கிய அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி! சென்னை மத்திய அலை 720, பண்பலையில் 101.4, அப்புறம் சாயங்காலம் நன்றாகக் கேட்கிற சிற்றலை நிலையங்கள் மூன்று. இவற்றை ஆப் வழியாகவே ரேடியோவின் நினைவில் பதிந்தோம். இதுதான் முக்கியம்: போனின் நினைவில் இல்லை, ரேடியோவின் நினைவில். சில ஆப்களில் பிடித்த நிலையங்களின் பட்டியல் போனிலேயே தங்கிவிடுகிறது; போன் போனால் பட்டியலும் போச்சு. எங்கள் செட்டில் இரண்டு விதமும் இருந்தது, தேடித்தான் கண்டுபிடித்தோம். பதிந்த பிறகு, அடுத்தது என்ற பொத்தானை அமுக்கினால் ஐந்து ஐந்தாக ஊராமல், நிலையம் விட்டு நிலையம் தாவுகிறது.

அடுத்தது பொத்தானுக்கு அடையாளம். எல்லாம் ஒரே மாதிரி வழவழவென்று இருந்தால் விரலுக்கு என்ன தெரியும்? அலை மாற்றுகிற பொத்தானில் ரவிக்கைக்குத் தைக்கிற ஜமிக்கி ஒன்றை ஒட்டினேன். 'அடுத்தது' பொத்தானில் நகப்பாலீஷ் ஒரு சொட்டு. காய்ந்ததும் அதன் மேலேயே இன்னொரு சொட்டு, மேடாகும் வரை. போடுகிற, அணைக்கிற பொத்தானுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது அத்தையே சொன்னார்: "அந்தப் பக்கத்துல ஏரியல் அடியில நூலு சுத்திடும்மா. நூல புடிச்சா பொத்தான் பக்கத்துல இருக்கும்ல?" பழைய ஊடை நூல் ஒரு துண்டு பெட்டியில் இருந்தது. அவரே சுற்றி முடிச்சுப் போட்டார். கண் தெரியாத கை முடிச்சுப் போட்ட வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

பிறகு பரீட்சை. என் யோசனைதான். விளக்கை அணைத்தோம். அவர் போனையும் அணைத்து மாடிக்குக் கொண்டுபோய் வைத்தோம். "அத்தை, சென்னை வைங்க." முதல் தரம் தடுமாறினார். இரண்டாம் தரம் சரி. மூன்றாம் தரம், நாங்கள் சொல்வதற்கு முன்னாலேயே சென்னை, பண்பலை, சிற்றலை என்று வரிசையாகப் போட்டுக் காட்டி, "போதுமாடா?" என்றார் மகனைப் பார்த்து. மூன்று நாள் தொடர்ந்து இப்படிச் செய்தோம். இப்போதும் மாதம் ஒரு தரம் நானே போனை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன்.

ஆகவே வாலாஜாபாத்துச் சகோதரிக்கு என் பதில்: வாங்கலாம், ஆனால் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "போன் இல்லாமல் இது எதெல்லாம் செய்யும்?" என்பதாக இருக்கட்டும். உடம்பிலேயே நிலையம் மாற்ற வழியில்லாத செட் எத்தனை அழகாக இருந்தாலும் வயசானவருக்கு ஆகாது. உங்கள் மாமனாருக்குக் கண் நன்றாகத் தெரியும், விரலில் பழைய பழக்கம் இருக்கிறது என்றால், திருகுகிற குமிழ் வைத்த சாதா சிற்றலை ரேடியோவே மேல் என்பேன். என் வீட்டுக்காரர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "எண்ணைத் தட்டினால் நேரே போய் நிற்கிறதே, அந்த வசதி வருமா?" என்பார். உட்கார்ந்து ஒவ்வொரு நிலையமாகத் தேடுகிறவருக்கு அது வசதிதான். போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், படுக்கையிலிருந்து எழுந்திருக்காமலே மாற்றலாம். மூட்டுவலிக்காரருக்கு இது பெரிய உபகாரம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சிற்றலையில் தமிழ் இப்போது மிகவும் குறைவு. கிடைக்கிறதிலும் சமயப் பிரசார ஒலிபரப்புகளே அதிகம். லண்டன் தமிழோசையை எதிர்பார்த்து வாங்கிவிட்டு மாமனார் ஏமாறக்கூடாது. முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பி.பி.சி. இங்கிலீஷ் வரும், இந்தி வரும், அரபி, சீனம் என்று பல பாஷை வரும். எங்கள் அத்தைக்குப் பாஷை புரியாவிட்டாலும் பரவாயில்லையாம். "ராத்திரி தூக்கம் வராதப்ப எவனாவது எங்கியாவது முழிச்சிக்கிட்டுப் பேசறான்னா ஒரு தைரியம்" என்கிறார்.

இரைச்சல் விஷயம். வாங்கிய புதிதில் வீட்டுக்குள் சிற்றலை சரியாகவே எடுக்கவில்லை. செட் மட்டம் என்று திருப்பிக் கொடுக்க இருந்தோம். ஒரு நாள் கரண்ட் போனதும் சட்டென்று குரல் பளிச்சென்று வந்தது! அப்போதுதான் புரிந்தது, குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்.ஈ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்டக்ஷன் அடுப்பு, பேன் ரெகுலேட்டர், இவையெல்லாம் சிற்றலையில் இரைச்சலைக் கொட்டுகிற சாமான்கள். ரேடியோவைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், யாரென்று தானே தெரியும். எங்கள் வீட்டில் பூஜை மாடத்துக் கலர் பல்புச் சரம்தான் முதல் எதிரி. போனையும் ரேடியோ மேலேயே வைக்காமல் ஓர் அடி தள்ளி வையுங்கள். கான்கிரீட் கூரைக்கு அடியில் அலை தேய்ந்துபோகும். ஜன்னலோரம், முற்றம், தாழ்வாரம் நல்லது. மொட்டைமாடிக்கு ஒயர் இழுத்து ஏரியல் கட்டினால் இன்னும் நன்றாக எடுக்கும்தான், ஆனால் இடி மின்னல் வருகிற நாளில் அந்த ஒயரைக் கழற்றி வெளியே தள்ளிவிட வேண்டும். மறந்துபோகிற வீடு என்றால் கட்டவே வேண்டாம்.

ஆப்பைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். பெட்டிக்குள் இருக்கிற காகிதத்தில் கறுப்புக் கட்டம் ஒன்று அச்சிட்டு, 'இதைப் படம் பிடித்து ஆப்பை இறக்கு' என்று போட்டிருக்கும். சில சமயம் அது பிளே ஸ்டோருக்குப் போகாமல் வேறு எங்கேயோ போகிறது. பாங்கிக் கணக்கும் ஜிபேயும் இருக்கிற போனில் அப்படி எதையும் இறக்காதீர்கள். எல்லார் வீட்டிலும் திரை கீறிய பழைய போன் ஒன்று அலமாரியில் தூங்கும். சிம் கார்டு இல்லாமல் அதை இந்த வேலைக்கே ஒதுக்கிவிடுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறோம். ரேடியோவும் அதன் போனும் ஒரே கூடையில். 'இருப்பிடம் தெரிய அனுமதி கொடு' என்று ஆப் கேட்டால் பயப்பட வேண்டாம். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் புளூடூத் தேடுவதற்கே அந்த அனுமதி வேண்டும். ஆனால் டெலிபோன் எண்கள், எஸ்.எம்.எஸ்., போட்டோ எல்லாம் கேட்டால் 'முடியாது' என்று சொல்லிவிடுங்கள். ரேடியோவுக்கு நம் வீட்டுப் போட்டோ எதற்கு?

எங்கள் செட்டில் பூட்டு ஒன்றும் இல்லை. மாடிவீட்டுப் பையன் அதே ஆப்பை இறக்கி ஒரு வாரம் எங்கள் ரேடியோவைக் கிரிக்கெட்டுக்கு மாற்றி மாற்றி விளையாடினான். அத்தை பேய் என்றே நினைத்துவிட்டார்! புளூடூத் ஏறக்குறைய முப்பது அடிக்குள்தான் எட்டும். நம் தெரு மாதிரி சுவரோடு சுவராக இருக்கிற வீடுகளில் அது போதுமே. வேலை முடிந்ததும் ரேடியோவின் புளூடூத்தை அணைத்து வைத்தால் தொல்லையில்லை.

கைக்குழந்தை என்று எழுதியிருந்தீர்களே. முதலில் ஏரியலைப் பாருங்கள். தவழ்கிற குழந்தையின் கண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி அது. நுனியில் ஒரு ரப்பர்க் குமிழ் செருகி, ரேடியோவை உயரத்தில் வையுங்கள். கேட்டு முடிந்ததும் கம்பியை மடக்கிவிட வேண்டும். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. போனுக்குப் போடுகிற அதிவேக சார்ஜரை இதற்கு மாட்டாதீர்கள். பெட்டியில் எழுதியிருக்கிற அளவுக்குச் சாதா சார்ஜர் போதும். தலையணைக்கு அடியில் வைத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுவது ஆகவே ஆகாது. பேட்டரி உப்பியிருந்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். நான் ஒட்டின ஜமிக்கி கூடக் குழந்தை பிய்த்து வாயில் போடக்கூடியது, ஆகவே உங்கள் வீட்டில் நகப்பாலீஷ் மட்டும் போதும்.

காதுக்கும் ஒரு வார்த்தை. வயசானவர்கள் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம் வரை; குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. டெசிபல் அளக்க யார் வீட்டில் கருவி இருக்கிறது? ரேடியோ பாடும்போது மூன்றடி தள்ளி நின்று சாதாரணக் குரலில் பேசுங்கள்; கத்த வேண்டியிருந்தால் சத்தம் அதிகம். தாத்தாவுக்கு வழக்கத்தைவிட உரக்க வைத்தால்தான் கேட்கிறது என்றால், ரேடியோவைக் குறை சொல்லாமல் காது டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பல பேருக்குக் காதில் குறும்பி அடைத்திருக்கும், அவ்வளவுதான். அதை நீங்களே ஹேர்பின்னால் குடையப்போகாதீர்கள்.

விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி சேரும், கெட்டுப்போனால் நம் ஊரில் ரிப்பேர் செய்ய ஆள் கிடைப்பது கஷ்டம். இதையும் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

போன வாரம் மறுபடி மழை, மறுபடி கரண்ட் இல்லை. நான் அடுப்பங்கரையில் இருந்தேன். கூடத்தில் சென்னைச் செய்தி வந்தது, முடிந்ததும் ஏதோ பழைய பாட்டு. "ஏம்மா, செங்கல்பட்டு பக்கம் மழை நின்னுடுச்சாம். உங்கம்மாவுக்குப் போன் போட்டுப் பாரு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

மாடத்தில் பழைய டிரான்சிஸ்டர் இன்னும் இருக்கிறது. எடுத்துப் போட அத்தைக்கு மனசில்லை. போகட்டும் என்று துடைக்கப்போனால், உள்ளே செல் கசிந்து, ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. உங்கள் வீட்டிலும் பாடாத ரேடியோ இருந்தால் இன்றைக்கே பின்பக்கத்தைத் திறந்து செல்லைக் கழற்றிவிடுங்கள். கசிந்திருந்தால் கையில் உறை போட்டுக்கொண்டு, வினிகரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, ஒரு நாள் காற்றாட வைத்து மூடுங்கள்.